அம்மாவின் பாதி மாத்திரை

இ.சி.எச்.எஸ்.ஸா, எஃப்.எம்.ஏ.வா? பட்டாளத்தில் இருந்து பென்ஷனில் வந்தவர் இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி ஒருமுறையாவது எழுந்திருக்கும். முதலாவது முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம். இரண்டாவது அதில் சேராதவர்களுக்குப் பென்ஷனோடு மாதாமாதம் வரும் மருத்துவப் படி. எங்கள் வீட்டில் அப்பா 2003-லேயே அதற்குப் பதில் சொல்லி முடித்துவிட்டார். அதன்பிறகு இருபது வருடத்துக்கும் மேலாக யாரும் அதைத் தொடவில்லை. போன வருடப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நான்தான் அதை மறுபடி திறந்தேன். உட்கார்ந்து கணக்குப் போட்டு ஒரு முடிவும் எடுத்தேன். அந்த முடிவு தவறு என்று நான்கு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் தெரிந்தது. கணக்கில் எங்கே பிசகினேன் என்பது இன்னும் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா 1967-ல் பதினெட்டு வயதில் சேர்ந்தார். 1991-ல் ஹவில்தாராக வீட்டுக்கு வந்தார். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர் இல்லை எங்களுடையது. ஆனால் எங்கள் தெருவில் மட்டும் நாலு பேர். சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பென்ஷன், ஓ.ஆர்.ஓ.பி. (ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன்), கேன்டீன் சாமான், யாருக்கு எவ்வளவு அரியர்ஸ் வந்தது என்று பேச்சு ஓடும். மருத்துவம் பற்றிய பேச்சு மட்டும் வராது. எழுபதைத் தாண்டிய நாலு பேர் தங்கள் நோயைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் இருப்பதை நான் சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன். முழங்கால் வலி என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மெடிக்கல் கேட்டகரி, அதாவது பட்டாளத்தில் போடும் உடல்தகுதித் தரம், இறங்கிவிடும் என்ற பழைய பயம் இன்னும் போகவில்லையோ என்று எனக்குத் தோன்றும்.

2003 ஏப்ரல் 1-ல் இ.சி.எச்.எஸ். வந்தது. அன்றில் இருந்து ஓய்வு பெறுகிறவர்களுக்கு அது கட்டாயம். அதற்கு முன்பே வந்துவிட்டவர்களுக்குத்தான் இரண்டு வழி இருந்தது. திட்டத்தில் சேரலாம், அல்லது சேராமல் பென்ஷனோடு மாதாமாதம் மருத்துவப் படி வாங்கிக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்கள் சேர்வதற்குச் சந்தாகூடக் கட்ட வேண்டாம். அப்பாவுக்கு அது இலவசமாகவே கிடைத்திருக்கும். அவர் படியைத்தான் எடுத்துக்கொண்டார். அப்போது அது மாதம் 100 ரூபாய். பிறகு 300, 500 என்று ஏறி, 2017 ஜூலையில் 1000 ஆனது. அதோடு நின்றுவிட்டது.

நூறு ரூபாய்க்காக ஒரு ஆயுள்கால மருத்துவத்தை ஏன் விட்டார் என்று கேட்டால் அவரிடம் பதில் உண்டு. அப்போது அவருக்கு வயது 54. உடம்பில் ஒன்றும் கிடையாது. இ.சி.எச்.எஸ்.ஸில் டாக்டரும் மருந்தும் கிடைக்கிற பாலிகிளினிக் என்பது எங்கேயோ இருக்கிற கட்டிடம். பெரிதாக ஏதாவது வந்தால் சென்னையில் மிலிட்டரி ஆஸ்பத்திரி இருக்கிறது என்ற தைரியம் வேறு. இதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக ஒன்று சொல்வார். “இருபத்து நாலு வருஷம் எல்லாத்துக்கும் லைன்ல நின்னாச்சும்மா. சோத்துக்கு லைன், குளிக்க லைன், சம்பளத்துக்கு லைன். இது ஒண்ணுதான் நான் போய் நிக்காமலே வருது.” அவருக்கு அந்தப் படி வெறும் பணம் இல்லை. பென்ஷன் சிலிப்பில் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டுவார். அதற்கு மேல் நான் பேசியதில்லை.

நான் போட்ட கணக்கு

2024 அக்டோபர் 29-ல் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையை அறிவித்தார்கள். எழுபது வயது நிரம்பியவர்கள் வருமான வரம்பு இல்லாமல் சேரலாம், ஐந்து லட்சம் வரை ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காப்பீடு. ஏற்கெனவே இ.சி.எச்.எஸ்., மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். போன்ற மருத்துவத் திட்டங்களில் இருக்கிறவர்கள் இருப்பதையே வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் இதற்கு மாறலாம். ஏதாவது ஒன்றுதான். அப்பாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். படியும் வரும், ஆஸ்பத்திரிக்குப் போனால் ஐந்து லட்சமும் இருக்கும் என்று நினைத்தேன்.

அதோடு விடவில்லை. தனியார் பாலிசியும் விசாரித்தேன். முன்பெல்லாம் 65 தாண்டினால் புதிதாகப் பாலிசி கிடைப்பதே கஷ்டம். 2024 ஏப்ரலில் இருந்து காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அந்த வயது வரம்பை எடுத்துவிட்டது. ஏஜென்ட் ஒருவர் போனில் ரொம்பப் பொறுமையாகப் பேசினார். அப்பாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது என்றதும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டி வரும் என்றார். பில்லில் ஒரு பங்கை நாமே கொடுக்க வேண்டும் என்றார். அவர் சொன்ன பிரீமியத்தை ஒரு வருடம் கட்டினால் என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும். அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. (அந்த வரியை 2025 செப்டம்பர் 22-ல் இருந்து தனிநபர் பாலிசிகளுக்கு எடுத்துவிட்டார்கள். நான் விசாரித்தபோது இருந்தது.) அப்பாவுக்கு வயது 75. மூன்று வருடம் பணம் கட்டிக் காத்திருந்தால் 78. அந்த மூன்று வருடத்தில் வரக்கூடிய எல்லாமே அவருக்கு ஏற்கெனவே இருக்கிற நோயில் இருந்துதான் வரும். போனை வைத்துவிட்டேன்.

இ.சி.எச்.எஸ்.ஸையும் பார்த்தேன். அதில் ஒரு குறைதான் என் கண்ணில் பட்டது. எங்கள் ஊரில் இருந்து பாலிகிளினிக் இருக்கும் டவுனுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பொதுவாக முதலில் அங்கே போய் டாக்டரைப் பார்க்க வேண்டும். அவர் ரெஃபரல் எழுதித் தந்த பிறகு எம்பேனல் ஆன, அதாவது திட்டத்தின் பட்டியலில் உள்ள, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவசரம் என்றால் நேராகப் போகலாம். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டும். பில்லை நாமே கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டும். அதுவும் சி.ஜி.எச்.எஸ். ரேட் அளவுக்குத்தான். அப்பாவோடு ஒரே யூனிட்டில் இருந்த ஒருவருக்கு இரவு பதினோரு மணிக்கு நெஞ்சுவலி. பட்டியலில் இருந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போயிருக்கிறார்கள். பழைய பில் பாக்கி நிற்கிறது, கார்டு எடுப்பதில்லை என்று சொல்லி முன்பணம் கேட்டிருக்கிறார்கள். அவர் மகன் அந்த நேரத்தில் மச்சானுக்குப் போன் போட்டுப் பணம் புரட்டினார். இந்தக் கதையை அப்பா எனக்கு மூன்று முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் தன் முடிவு சரி என்பதற்குச் சாட்சியாக.

நானும் ஒத்துக்கொண்டேன். ஒரு பேப்பரில் கட்டம் போட்டு எழுதினேன். படி, வய வந்தனா, தனியார் பாலிசி, இ.சி.எச்.எஸ். என்று நாலு வரிசை. செலவு, தூரம், காத்திருப்பு, வரம்பு என்று நாலு பத்தி. படியை விட வேண்டாம், வய வந்தனா எடுத்துவிடலாம் என்று முடித்தேன். அப்பாவின் ஆதாரில் இருந்த மொபைல் நம்பர் எப்போதோ போய்விட்ட சிம்முடையது. அதை மாற்றிக்கொண்டு அடுத்த தடவை வரும்போது பதிந்துவிடலாம் என்று சென்னைக்குக் கிளம்பிவிட்டேன். பேப்பரை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் சொருகியிருந்தேன்.

பிளேடு

மே மாதம் மறுபடி போனேன். வெயில் காலம். ஏழு மணிக்கு கரண்ட் போயிருந்தது. அடுப்படியில் செல்போன் டார்ச்சைப் பருப்பு டப்பா மேல் சாய்த்து வைத்து அம்மா ஏதோ செய்துகொண்டிருந்தாள். கத்திரிக்காய் நறுக்குகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். அரிவாள்மனையின் பலகை மேல் ஒரு வெள்ளை மாத்திரை இருந்தது. அதன் மேல் பாதி பிளேடு. ஷேவிங் பிளேடை நீளவாக்கில் உடைத்து, ஒரு பக்கம் சைக்கிள் டியூப் துண்டு சுற்றியிருந்தது. அம்மா ஒரே அழுத்தாக அழுத்தினாள். மாத்திரை சரிபாதியாகப் பிளந்தது. பழகின கை. ஒரு பாதியை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். இன்னொரு பாதியைத் தீப்பெட்டிக்குள் போட்டு மூடினாள். உள்ளே ஏற்கெனவே பாதிகள் இருந்தன. விரல் நுனியில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளையும் நாக்கால் எடுத்துக்கொண்டாள்.

அது அப்பாவின் பிரஷர் மாத்திரை. டெல்மிசார்ட்டன் 40.

“இது அப்பாவோடதுதானே?”

“ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரைதான் எழுதிக் குடுத்தாரு டாக்டரு. உங்கப்பாவுக்கு வாங்குற அட்டையில மாசக் கடைசியில ரெண்டு மூணு மிஞ்சும். அவரு மறந்துடுவாரு இல்ல, அது.”

“உனக்கு முழுசா எழுதியிருக்காரா, பாதியா?”

அம்மா பதில் சொல்லவில்லை. டார்ச்சை எடுத்து அடுப்புப் பக்கம் திருப்பினாள்.

நான் விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. அம்மாவுக்கு மூன்று வருடமாகப் பிரஷர் இருக்கிறது. முதலில் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்தார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அம்மாவுக்குக் கணுக்கால் வீங்க ஆரம்பித்தது. அவர்கள் கொடுத்தது அம்லோடிபின், அது சிலருக்கு அப்படிச் செய்யும். டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டியபோது அதை நிறுத்திவிட்டு இந்த மாத்திரைக்கு மாற்றிவிட்டார். தினமும் ஒன்று, முழுசாக. இரண்டு மாதம் மெடிக்கல் ஷாப்பில் வாங்கினாள். பிறகு பாதியாக்கிக்கொண்டாள். பிறகு அப்பா மறந்துபோன மாத்திரைகளில் இருந்து பாதி. அப்படியும் தீர்ந்துபோன நாட்களில் ஒன்றும் இல்லை.

“ஏம்மா, என்கிட்ட சொல்லியிருக்கலாமே. மாசம் எவ்வளவு ஆகிடப்போகுது?”

“சொல்றதுக்கு என்ன இருக்கு. உங்கப்பாவுக்கு மாத்திரைக்குன்னு கவர்மெண்டுல காசு வருது. அதுல அவருக்கு வாங்குறோம். எனக்குன்னு ஏதும் வரலையே.”

குறை சொல்லும் குரலே இல்லை. இன்றைக்குப் பால்காரர் வரவில்லை என்கிற மாதிரி சொன்னாள். நான் அப்படியே அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். கரண்ட் வந்தது. அம்மா எழுந்து தீப்பெட்டியை மசாலா டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தாள்.

ஒரு அட்டை மாத்திரையின் விலை எனக்குத் தெரியும். நான் சென்னையில் ஒரு வேளை காபிக்குக் கொடுக்கும் காசு அதைவிட அதிகமாக இருந்த நாட்கள் உண்டு. அதனால் இது காசு பற்றிய விஷயம் என்று என்னால் நினைக்க முடியவில்லை. மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஒரு வரி அப்பாவின் பெயரில் இருந்தது. வீட்டில் எல்லோரும் அதை அப்பாவின் உடம்புக்கு வந்த காசு என்று நம்பினோம். அம்மாவும் நம்பினாள். அதில் அவளுக்குப் பங்கு கேட்பது ஒரு சிப்பாயின் கணக்கில் கை வைப்பது போல அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

சாமி படத்துக்குப் பின்னால் இருந்த பேப்பரை எடுத்துப் பார்த்தேன். நாலு வரிசை, நாலு பத்தி. எல்லாக் கட்டத்திலும் அப்பா. அவர் வயது, அவர் சர்க்கரை, அவர் பஸ். அம்மாவுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. வய வந்தனாவுக்கு எழுபது ஆகியிருக்க வேண்டும். அம்மாவுக்கு 67. முதலமைச்சர் காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். அப்பாவின் பென்ஷன் அதைத் தாண்டிவிடும். தனியார் பாலிசி எடுத்தால் அவளுக்கும் அதே மூன்று வருடக் காத்திருப்பு. நான் ரொம்பச் சரியாகப் போட்டதாக நினைத்திருந்த கணக்கில், நாளைக்கே அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால் கையில் ஒன்றுமே இல்லை.

அந்தப் பேப்பரில் நான் ஒரே ஒரு குறை எழுதி ஒதுக்கி வைத்த இ.சி.எச்.எஸ்.ஸில் மட்டும்தான் மனைவிக்கு முதல் நாளில் இருந்து முழு இடம் இருக்கிறது. வயது கேட்பதில்லை. ஏற்கெனவே என்ன நோய் என்று கேட்டு ஒதுக்குவதில்லை. காத்திருப்பு இல்லை, இத்தனை லட்சம்தான் என்ற வரம்பு இல்லை, வருடா வருடம் பிரீமியம் இல்லை. அப்பாவுக்குப் பிறகு அம்மா குடும்ப ஓய்வூதியத்துக்கு வந்தாலும் அது தொடரும். முக்கியமாக, தினசரி மாத்திரை உண்டு. காப்பீடு என்றாலே ஆபரேஷன், ஐ.சி.யு., லட்சக்கணக்கு பில் என்றுதான் நம் மனசு போகிறது. வய வந்தனாவும் தனியார் பாலிசியும் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால் மட்டும்தான் வேலை செய்யும். வயதானவர்களின் நோய் பெரும்பாலும் படுக்கைக்கு வெளியேதான் நடக்கிறது. தினம் காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, ராத்திரி ஒன்று. அதை ஒழுங்காகப் போடாத வீட்டில்தான் ஐ.சி.யு. வருகிறது. இதை எழுதும்போது அந்தத் தீப்பெட்டிதான் கண் முன்னால் இருக்கிறது.

அப்பாவிடம் பேசினது

அன்று ராத்திரியே பேசவில்லை. மறுநாள் காலை அவர் பேப்பர் படித்துவிட்டு மடித்து வைத்த பிறகு பேசினேன். திட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தீப்பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். திறந்து பார்த்தார். பாதி மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி எண்ணினார். ஒன்பது. “இது யாரு போட்டுக்கிறது?” என்றார். சொன்னேன். அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்று, “அவ சும்மா எதையாவது பெருசாக்குவா” என்றாள். அப்பா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் பெட்டிக்குள் போட்டார்.

ரொம்ப நேரம் கழித்து, “பஸ் செலவு ஆகும். ஒரு நாள் போயிடும்” என்றார்.

“ஆகும்ப்பா.”

“ஜெனரல் வார்டுதான் குடுப்பான், ஹவில்தாருக்கு.”

“சரிப்பா.”

“ஆயிரம் ரூபா நின்னுடும்.”

“ஆமா.”

“சரி, என்ன பேப்பர் வேணும்னு கேளு.” அவ்வளவுதான் பேச்சு. பதினைந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் பரணில் இருந்து டிரங்குப் பெட்டியை இறக்கி, டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பேப்பர் வேலை லேசாக முடியவில்லை. அம்மாவின் பெயர் லட்சுமி. ஆதாரில் அப்படித்தான் இருக்கிறது. அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் லக்ஷ்மி தேவி. கல்யாணம் ஆன வருடம் யூனிட்டில் இருந்த வடநாட்டுக் கிளார்க் தங்கள் ஊர் வழக்கப்படி ஒரு தேவியைச் சேர்த்து எழுதியிருக்கிறார். நாற்பது வருடத்துக்கு மேல் அது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. இப்போது அதைச் சரிசெய்ய அஃபிடவிட், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் கையெழுத்து, ரெக்கார்ட் ஆபீஸுக்குக் கடிதம் என்று நாட்கள் ஓடின. உங்கள் வீட்டில் பி.பி.ஓ.வும் (பென்ஷன் ஆணை) டிஸ்சார்ஜ் புத்தகமும் இருந்தால் இன்றைக்கே எடுத்து, மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். எந்தத் திட்டம் வேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன்னாலேயே பாருங்கள். அந்த ஒரு பெயர் பொருந்தாமல், கணவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கே அலைந்த ஒரு அம்மாவை நான் அந்த அலுவலக வராந்தாவில் பார்த்தேன். கையில் ஒரு மஞ்சள் பை, அதில் கல்யாணப் பத்திரிகை. தன் கல்யாணத்துக்கு அச்சடித்த பத்திரிகையை ஒரு பெண் சாட்சியாகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருப்பது என்னால் தாங்கவே முடியாததாக இருந்தது.

படி நிறுத்தியதற்கான சான்று வாங்கி, ஆன்லைனில் விண்ணப்பித்து, தற்காலிக ஸ்லிப் கையில் வந்ததும் மூன்று பேரும் போனோம். முதல் பஸ் காலை ஆறே கால். பாலிகிளினிக்கில் எங்களுக்கு முன்னால் முப்பது பேர் இருந்திருப்பார்கள். அப்பா எதை நினைத்து இருபது வருடம் தள்ளிப்போட்டாரோ அந்த லைன். ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவர் போய் நின்ற ஐந்தாவது நிமிஷத்தில் பக்கத்தில் இருந்தவர் “எந்த யூனிட்?” என்று கேட்டார். அதற்கப்புறம் எனக்கும் அம்மாவுக்கும் அவர் கிடைக்கவில்லை. எழுபத்தொன்றில் யார் எங்கே இருந்தார்கள் என்பதில் இருந்து, யாருக்கு ஸ்டென்ட் வைத்தது, சர்க்கரைக்கு எந்த மாத்திரை என்பது வரை பேச்சு போய்க்கொண்டே இருந்தது. எங்கள் தெரு டீக்கடையில் வாயே திறக்காத விஷயத்தை அங்கே முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு பிரஷர் பார்த்தார்கள். 170-க்கு 100. டாக்டர் ஒரு லேடி. எத்தனை நாளாக மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் பாதி மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “இனிமே உங்க பேர்லயே சீட்டு, உங்களுக்கே தனி அட்டை. அவரோடத தொடாதீங்க” என்றார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். பல் டாக்டர் இருக்கிறார் என்று தெரிந்ததும், இரண்டு வருடமாக ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்த அப்பா அந்த அறைக்கு வெளியேயும் போய் உட்கார்ந்தார். மருந்துக் கவுன்ட்டரில் அப்பாவின் மாத்திரைகளில் ஒன்று ஸ்டாக் இல்லை, அதற்கு என்.ஏ., அதாவது ‘கையிருப்பில் இல்லை’ என்று போட்டுக் கொடுத்தார்கள். அம்மாவுடையது முழுதாகக் கிடைத்தது. மூன்று அட்டை. பஸ்ஸில் வரும்போது கவரைப் பிரித்து, சீட்டில் தன் பெயர் எழுதியிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் எல் எழுத்து தெரியும்.

எல்லோரும் படியை விட்டுவிட்டு இதில் சேர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாலிகிளினிக் நாலு மணி நேரத் தூரத்தில் இருந்து, கூட வர ஆளும் இல்லாமல், மனைவியும் இல்லாமல் தனியாக இருக்கும் ஒருவருக்கு, பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் செலவழிக்கக் கையில் வரும் ஆயிரம் பெரிய விஷயம்தான். அவருக்கு எழுபது ஆகியிருந்தால் வய வந்தனாவைக் கூட வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு என்றே இப்போதும் நினைக்கிறேன். பிள்ளையின் கம்பெனிக் காப்பீட்டில் பெற்றோர் இருவருக்கும் இடம் இருந்தால் அதுவும் வேறு கணக்கு. ஆனால் மனைவி உயிரோடு இருக்கிற வீட்டில், அவருக்கு எழுபது ஆகாத வீட்டில், அவர் பெயரில் முதல் வரியைப் போட்டுவிட்டு அப்புறம் கணவர் பெயரில் இரண்டாவது வரியைப் போடுங்கள். பெரும்பாலான வீடுகளில் அவர் கணவரைவிட நாலைந்து, எட்டு பத்து வயது சின்னவர். அந்தத் திட்டத்தோடு அதிக வருடம் வாழப்போகிறவர் அவர்தான்.

இன்னொன்றும் மனதில் ஓடுகிறது. எங்கள் தெருவில் ஒரு பையன் 2023-ல் அக்னிவீரனாகப் போயிருக்கிறான். லீவில் வந்தபோது அப்பாவின் புதுக் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நாலு வருடம் முடிந்து வெளியே வருகிறவர்களுக்குப் பென்ஷனும் இல்லை, இ.சி.எச்.எஸ்.ஸும் இல்லை. கையில் சேவா நிதி வரும். அவனுக்கு இப்போது வயது 21. அப்பா அவனிடம், “அந்தக் காசை மொத்தமா வீட்டுக்குக் குடுத்துடாதடா, உனக்குன்னு ஒரு பாலிசி போட்டுட்டு மீதியக் குடு” என்றார். 54 வயதில் உடம்பில் ஒன்றும் இல்லை என்று நூறு ரூபாயை எடுத்துக்கொண்டவர் அதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்த மாதப் பென்ஷன் சிலிப்பை, ராணுவப் பென்ஷனுக்கான இணையதளமான ஸ்பர்ஷில் இறக்கி அப்பாவுக்குக் காட்டினேன். மருத்துவப் படி வரி இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். “நின்னுடுச்சு” என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேன்டீனுக்கு இந்த மாதம் எப்போது போகலாம் என்று கேட்டார்.

இந்தத் தடவை ஊருக்குப் போனபோது அடுப்படிச் சுவரில் மளிகைக்கடைக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. பால் வராத நாட்களுக்கு அம்மா பென்சிலால் பெருக்கல் குறி போடுவது எப்போதும் உள்ள வழக்கம். அதோடு, 9-ஆம் தேதிக் கட்டத்தில் புதிதாக ஒன்று எழுதியிருந்தாள். ‘நான், அவர், ஆறேகால் பஸ்.’